ரஞ்சித் படம் பாத்துட்டு எங்க மொட்டை மாடியில கேக்குற கேள்விங்க

வியாசர்பாடியில எங்க ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில ஞாயித்துக்கிழமை ராத்திரி படம் போடுவோம். பெருசா ஒண்ணும் கிடையாது, ஒரு பழைய ப்ரொஜெக்டர், ஒரு வெள்ளை பெட்ஷீட், அக்கா கல்யாணத்துக்கு வாங்கின ஸ்பீக்கர், அவ்ளோ தான். போன ரெண்டு மாசமா பா. ரஞ்சித் படத்த வரிசையா போட்டோம். படம் முடிஞ்சு பாய் சுருட்டுற நேரத்துல வாராவாரம் அதே சந்தேகம் தான் வருது, ஆளு தான் மாறுறாங்க. சொல்லி சொல்லி வாய் வலிச்சு போச்சு, அதான் எழுதி வெச்சிட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன். பதில் பூரா என்னோட கருத்து. நான் சினிமாக்காரன் இல்ல, காசிமேட்டுல மீன் ஏலக் கணக்கு எழுதுறவன்.

யாருண்ணா இந்த ரஞ்சித்து, மொத்தம் எத்தினி படம் எடுத்துக்கீறாரு?

ஆவடி பக்கத்து ஆளு. அத வட சென்னைன்னு ஒத்துக்க மாட்டேன்னு எங்க மாடியிலயே சண்டை போடுறவங்க இருக்காங்க, அது தனி பஞ்சாயத்து. ஓவியம் படிச்சிட்டு வெங்கட் பிரபு கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்தாரு. 2012ல அட்டகத்தி, 2014ல மெட்ராஸ், 2016ல கபாலி, 2018ல காலா, 2021ல சார்பட்டா பரம்பரை, 2022ல நட்சத்திரம் நகர்கிறது, 2024ல தங்கலான். நாங்க மாடியில போட்டது இந்த ஏழும் தான். இது இல்லாம நீலம்னு கம்பெனி வெச்சி மத்தவங்க படத்தையும் எடுக்குறாரு, மாரி செல்வராஜோட பரியேறும் பெருமாள் அப்படி வந்தது தான்.

அவரு ஒரே படத்தையே தான திருப்பி திருப்பி எடுத்துனுக்கீறாரு?

இது தான் நம்பர் ஒன் கேள்வி. காலா முடிஞ்ச அன்னிக்கு மூணு பேரு ஒரே வாயா கேட்டாங்க. ஆமாவும் கூட இல்லையும் கூட. நிலம் யாருதுன்னு ஒரு சண்டை, படிங்கடான்னு ஒரு பேச்சு, கூட இருந்தவனே முதுகுல குத்துறது, வாய மூடாத பொம்பளைங்க, ஒரு சாவு, ஒரு பாட்டு, எங்கயாச்சும் ஒரு நீலக்கலரு, அம்பேத்கர் படம். இத எல்லா படத்துலயும் நீங்க விரல் விட்டு எண்ணலாம்.

ஆனா எண்ணி முடிச்ச அப்புறம் ஒரு வேலை பாருங்க. அதே விஷயம் அடுத்த படத்துல வர்றப்போ எங்க நிக்குதுன்னு பாருங்க. மெட்ராஸ்ல சண்டை ஒரு சுவத்துக்கு. காலாவுல ஒரு முழு ஏரியாவுக்கு. தங்கலான்ல மண்ணுக்கு அடியில இருக்குற தங்கத்துக்கு. கேள்வி அதே தான், "இது யாரு எடம்?" ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் ஆழமா தோண்டுறாரு, சில தடவை தோண்டின குழியில அவரே விழுந்தும் இருக்காரு, அத தங்கலான் கேள்வியில சொல்றேன்.

ஒரு சுவத்துக்கு போய் மனுசன் சாவானா? லாஜிக்கே இல்லியே

இத கேட்டது அடையாறுல இருந்து வந்த என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு. எங்க பசங்க யாரும் கேக்கல, ஏன்னா எங்களுக்கு இது சாதாரணம். எலெக்‌ஷன் வந்தா எந்த சுவத்துலயும் மூலையில கட்சி பேரு, வருசம், "ஆல் சைட் புக்டு"ன்னு சுண்ணாம்புல எழுதி வெச்சிருப்பாங்க, நீங்களும் பாத்திருப்பீங்க, பாத்தும் கண்ணுல படாம போயிருக்கும். அந்த சுவரு கைய விட்டு போச்சுன்னா அந்த தெருவுல உன் செல்வாக்கு போச்சுன்னு அர்த்தம். சுவருன்றது அங்க கொடிக்கம்பம் மாதிரி.

மெட்ராஸ்ல ரஞ்சித் பண்ண பெரிய வேலையே அந்த சுவர பேய் மாதிரி காட்டுனது தான். ஒரு கட்சி ரெண்டா ஒடைஞ்சதுல ஆரம்பிச்சு ஒவ்வொருத்தனா காவு வாங்குது. ஃப்ரெண்டு அன்பு சாவுறான், ஹீரோ காளி தனியா நிக்கிறான், கடைசியில பெயிண்ட எடுத்து அந்த சுவத்துல வரைஞ்ச தலைவர் மூஞ்சி மேலயே ஊத்துறான். வெட்டினவன தேடி வெட்டுறதோட படம் முடிஞ்சிருந்தா அது பத்தோட பதினொண்ணு. காளி கடைசியில பசங்களுக்கு கிளாஸ் எடுக்குறான் பாருங்க, அந்த கிளாஸ்ரூம ஞாபகம் வெச்சிக்கோங்க, மறுபடியும் வரும்.

ஒரு தபா சொன்னா போதாதா? அதையே எதுக்கு மறுபடி மறுபடி?

கானா பாடுறவன் கிட்ட போய் "ஏன்டா எப்பவும் சாவு, காதல், ஜெயிலு, இதையே பாடுற"ன்னு கேட்டு பாருங்க, சிரிப்பான். மெட்டு பழசு, செத்தவன் புதுசு. மெட்ராஸ் படத்துல அன்புவுக்கு கானா பாலா பாடுற அந்த சாவுப்பாட்ட எங்க மாடியில போட்டப்போ யாரும் "இது கேட்ட மெட்டு தான்"னு சொல்லல, அழுதாங்க.

சினிமாவுல இது ஒண்ணும் புதுசு கிடையாது. ஜப்பான்ல யசுஜிரோ ஓஸுன்னு ஒருத்தரு, பொண்ண கட்டிக் குடுத்துட்டு தனியா நிக்கிற பெத்தவங்க கதைய திரும்பத் திரும்ப எடுத்தவரு. 1949 படத்துல கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு நிக்கிற பொண்ணா செட்சுகோ ஹாரா நடிச்சாங்க. 1960ல கிட்டத்தட்ட அதே கதைய மறுபடி எடுக்குறாரு, இந்த வாட்டி அதே ஹாரா தான் அம்மா. பதினோரு வருசம் ஆளையும் மாத்திடுச்சு, கேள்வியையும் மாத்திடுச்சு. 1934ல எடுத்த ஒரு ஊமைப்படத்த 1959ல கலர்ல, பேச்சோட, மறுபடியும் எடுத்தாரு அவரு.

அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம பாலு மகேந்திராவ எடுத்துக்கோங்க. ஒரு ஆம்பள, ரெண்டு பொம்பள, இது தான் அவரு விடாத விஷயம். 1987ல ரெட்டை வால் குருவியில அது காமெடி. 1993ல மறுபடியும்ல பொண்டாட்டி கடைசியில புருசன வேணாம்னு சொல்லிட்டு நடக்குறா. 1995ல சதிலீலாவதியில மறுபடி காமெடி, குடும்பம் ஒட்டிக்குது. எங்க அம்மாவுக்கு மூணாவது தான் புடிக்கும், எனக்கு ரெண்டாவது. அந்த மூணையும் பக்கத்துல வெச்சா தான் அந்த மனுசன் மனசுல என்ன ஓடிச்சுன்னு கொஞ்சமாச்சும் தெரியும்.

கபாலி மலேசியா, காலா மும்பை. இதெல்லாம் எப்படிண்ணே நம்ம கதை?

கபாலி மலேசியாவுல தோட்ட வேலைக்கு போன தமிழன் கதை, காலா திருநெல்வேலியில இருந்து தாராவிக்கு போன குடும்பத்து கதை. ரெண்டுமே பொழைக்க போன எடத்துல நம்ம எடம் எதுன்னு கேக்குற கதை. வட சென்னையும் அப்படி வந்து சேந்த ஊரு தான. துறைமுகம், மில்லு, ரயில்வே பட்டறைன்னு எங்கெங்கயோ இருந்து வந்தவங்க தான் நாம எல்லாம், எங்க தாத்தா வந்தது செய்யாறு பக்கத்துல இருந்து.

காலாவுல தாராவிய சுத்தம் பண்றேன்னு வில்லன் வர்றான் இல்ல, அத பாத்துட்டு எங்க மாடியில ஒரு அக்கா சத்தம் போடாம அழுதுச்சு. கூவம் ஓரமா இருந்த அவங்க சொந்தக்காரங்கள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிட்டாங்க, இப்போ ஒரு நல்லது கெட்டதுக்கு வரணும்னா ரெண்டு பஸ் மாறணும். அந்த அக்காவுக்கு மும்பை மேப்பு எல்லாம் தேவைப்படல.

எதுக்கு எப்பவும் சாதி பத்தியே பேசணும்? சென்னையில எல்லாம் யாருண்ணா சாதி பாக்குறா

வீடு வாடகைக்கு தேடி பாருங்க, தெரியும்.

சரி சீரியஸாவே சொல்றேன். புளியந்தோப்புல பி அண்ட் சி மில்லு, எங்க ஏரியா ஆளுங்களுக்கு பின்னி மில்லு. 1921ல அங்க பெரிய ஸ்ட்ரைக். முதலாளிய எதுத்து ஆரம்பிச்ச சண்டை, போகப் போக தொழிலாளிங்களுக்குள்ளயே சாதியா பிரிஞ்சு புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது. நூறு வருசம் முன்னாடி நடந்தது, இந்த ஊர்லயே, இப்போ நாம ஷேர் ஆட்டோ புடிக்கிற எடத்துல. மில்லு 1996ல மூடிட்டாங்க, அப்புறம் அந்த காலி மில்லுக்குள்ள ரொம்ப வருசம் சினிமா ஷூட்டிங் தான் நடந்துச்சு. எத்தினி ஹீரோ அங்க ரவுடிய அடிச்சிருப்பான், ஆனா அந்த மில்லோட கதைய யாரும் எடுக்கல. ஒருத்தரு திரும்பத் திரும்ப பேசுறாருன்னு கடுப்பாவுறதுக்கு முன்னாடி அத்தினி வருசம் அத்தினி பேரு ஒரு தடவை கூட பேசலியேன்னும் கேக்கணும் இல்ல.

சார்பட்டா ஹிட் ஆனது பாக்ஸிங்னால தான? பழைய விசயம் எல்லாம் யாரு கவனிச்சா

டான்சிங் ரோஸ்ன்ற பாக்ஸரோட சண்டை ஓடுறப்போ கீழ் வீட்டு ஆயா எழுந்து நின்னு விசில் அடிச்சுது, அதனால பாக்ஸிங் காரணம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். சார்பட்டா, இடியாப்ப பரம்பரை எல்லாம் நெசமாவே இங்க இருந்த பாக்ஸிங் குழுவோட பேருங்க, பெருசுங்களுக்கு அந்த பேர கேட்டாலே முகம் மாறும். 2021ல கொரோனா நேரத்துல தியேட்டர் இல்லாம நேரா ஓடிடியில வந்துச்சு, அந்த விசில் சத்தம் எல்லாம் வீட்டு ஹாலுக்குள்ள அடங்கி போச்சு. அந்த வயித்தெரிச்சல்ல தான் நாங்க மாடியில போட ஆரம்பிச்சதே.

ஆனா ரிங்க மட்டும் பாத்தா படம் பாதி தான். மெட்ராஸ்ல சுவரு எப்படியோ இங்க ரிங்கு அப்படி: நாலு கயித்துக்குள்ள ஒரு எடம், அதுக்குள்ள யாரு ஏறலாம் யாரு ஏறக்கூடாதுன்னு ஒரு சண்டை. அந்த பக்கம் ஒரு கட்சி, இந்த பக்கம் ஒரு கட்சி. 1976 ஜனவரி 31ல திமுக ஆட்சிய கலைச்சப்போ ரிங்கு வரைக்கும் போலீஸ் வந்து, ஹீரோ கபிலனுக்கு பாக்ஸிங் சொல்லிக் குடுக்குற திமுககாரரு ரங்கன் வாத்தியார கூட்டிட்டு போவுது பாருங்க, ஆட்டம் பாதியில நிக்குது. காளியும் கபிலனும் ஒரே மாதிரி பசங்க தான், மேல இருக்குறவன் சண்டையில மாட்டுனவங்க. காளிக்கு ஃப்ரெண்டு போனான். கபிலனுக்கு மானம் போச்சு, சாராயத்துல விழுந்தான், வயிறு தொப்பை போட்டுச்சு. ஹீரோ அவ்ளோ கேவலமா விழுந்து கெடக்குறது முந்தின படத்துல கிடையாது, அது தான் எனக்கு புதுசா பட்டுச்சு.

இன்னொண்ணு முடிவு. கபாலி ஒரு துப்பாக்கி சத்தத்தோட முடியுது, செத்தாரா இல்லியான்னு தெரியாது. காலாவுல கருப்பு செவப்பு நீலம்னு கலர் வெடிக்குது, அங்கயும் ஆளு இருக்காரா இல்லியான்னு குழப்பம். சார்பட்டாவுல தான் ஒருத்தன் கண்ணு முன்னாடி நேரா ஜெயிக்கிறான். ஒம்போது வருசம் கழிச்சு இந்த டைரக்டரு ஒருத்தன ஜெயிக்க விட்டிருக்காருன்னு எனக்கு தோணுச்சு, ஆயா விசிலுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

கத்தி, கஞ்சா, கானா. வட சென்னைன்னா இதையே தான் காட்டுறானுங்க. இவரும் அதே லிஸ்ட் தான?

இந்த கோவம் நியாயமான கோவம். இன்டர்வியூவுல வியாசர்பாடின்னு அட்ரஸ் சொன்னா எதுக்க உக்காந்திருக்குறவன் மூஞ்சி ஒரு செகண்ட் மாறும், எனக்கே நடந்திருக்கு. அதுக்கு சினிமாவும் ஒரு காரணம்.

ஆனா மெட்ராஸ்ல காளி ஐடி கம்பெனிக்கு போறவன், லீவு நாள்ல ஃபுட்பால் ஆடுறவன், அப்படி ஒருத்தன ஸ்க்ரீன்ல பாத்தப்போ எங்க தெரு பசங்களுக்கு ஏற்பட்ட சந்தோஷம் வெளிய இருக்குறவங்களுக்கு புரியாது. வியாசர்பாடியில ஃபுட்பால் எவ்ளோ முக்கியம்னு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. கபிலன் துறைமுகத்துல மூட்டை தூக்குறவன். எல்லாரும் வேலைக்கு போறவங்க. கானாவையும் அவரு சும்மா குத்துப்பாட்டுக்கு தொட்டுக்கல, 2018 ஜனவரியில தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு பேண்டுக்கு மேடையே போட்டு சூட் கோட்டு மாட்டி பாட வெச்சாங்க. அதே சமயம் கத்தி அவரு படத்துலயும் இருக்கு, மெட்ராஸ் ரெண்டாவது பாதி பூரா அது தான், அதுல நான் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

வெற்றிமாறனும் இதே ஏரியாவ தான எடுத்தாரு, என்னா பெரிய வித்தியாசம்?

மேல பாலு மகேந்திரா பேரு சொன்னேன் இல்ல, வெற்றிமாறன் அவருகிட்ட இருந்து வந்தவரு. இவருக்கும் விடாத விஷயம் ஒண்ணு இருக்கு: பெருசா நம்பின ஆளு கவுக்குறது. ஆடுகளத்துல பேட்டைக்காரன் கருப்ப கவுக்குறாரு. வட சென்னை படத்துல ராஜன கூட உக்காந்து சாப்பிட்டவனுங்களே முடிக்கிறானுங்க. 2007ல பொல்லாதவன்ல பைக்க தேடி போன சாதா வீட்டு பையன் கேங்குல மாட்டுறான், 2018ல வட சென்னையில கேரம் போர்டு ஆடுற அன்பு ஜெயிலுக்குள்ள மாட்டுறான். விசாரணை, விடுதலை படம் எல்லாம் போலீஸுக்கு உள்ள இருந்து அதே அதிகாரத்த பாக்குறது.

வெற்றிமாறன் படத்துல அதிகாரம்னா ஒரு பொறி, உள்ள போனா வெளிய வர முடியாது, நீயும் அதுல ஒருத்தன் ஆயிடுவ. ரஞ்சித் படத்துல ஒரு கதவு எங்கயாச்சும் தொறந்திருக்கும், அந்த கிளாஸ்ரூம் மாதிரி. எது உண்மைன்னு கேட்டா காசிமேட்டுல காலையில நாலு மணிக்கு ஏலம் நடக்குறப்போ எனக்கு வெற்றிமாறன் சரின்னு தோணும், சாயங்காலம் டியூஷன் பசங்கள பாத்தா ரஞ்சித் சரின்னு தோணும். ஒண்ணு சொல்லணும், வட சென்னை வந்தப்போ போட்டுல வர்ற ஒரு சீனுக்கு மீனவ மக்கள் எதிர்ப்பு தெரிவிச்சாங்க, அந்த சீன படத்துல இருந்து தூக்கிட்டாங்க. எங்க கதைய எடுக்குறப்போ நாங்க பாத்துட்டு இருக்கோம்னு அவங்களுக்கும் தெரியணும்.

பொம்பளைங்கள பத்தி பேசவே மாட்டீங்களா தம்பி?

ரெண்டாவது மாடி அக்கா கேட்டது, கேட்டது சரி தான். மெட்ராஸ்ல கலையரசி நல்லா பேசுவா, ஆனா கதை காளியோடது. காலாவுல செல்வி புருசன நிக்க வெச்சி பேசுது, புயல்னு ஒரு பொண்ணு போலீஸ்காரன் துணிய உருவுனப்போ துணிய எடுக்காம கம்பிய எடுக்குறா. சார்பட்டாவுல கபிலன் பொண்டாட்டி மாரியம்மா மொத ராத்திரியில ஆடவும் செய்றா, புருசன் தடுமாறுறப்போ கேள்வியும் கேக்குறா. கபிலனோட அம்மா பாக்கியம், பாக்ஸிங் பக்கம் போனா செருப்பால அடிக்கிறவ, கடைசியில அவளே போயி சண்டை போடுன்றா.

வாய் நீளுது, உரிமை நீளுதான்னு அக்கா திருப்பி கேட்டுச்சு. துஷாரா விஜயன் சார்பட்டாவுல மாரியம்மா, அடுத்த வருசம் நட்சத்திரம் நகர்கிறதுல ரெனே. ரெனேக்கு தான் மொத தடவையா படமே சொந்தம்.

அந்த நட்சத்திரம் படத்துல நம்ம ஊரே இல்லியே, அதுல பழசு எங்க வந்துச்சு?

அத அட்டகத்தியோட சேத்து பாருங்க. அட்டகத்தி தினகரன் எந்த பொண்ணு சிரிச்சாலும் லவ்வுன்னு நெனைக்கிறவன், தோத்தா சோகமா இருக்கணும்னு மூஞ்சிய இழுத்து பாப்பான், சோகம் வராது. 2012ல அந்த காதல் சிரிப்பு தான், சாதி ஓரமா எட்டி பாக்கும். பத்து வருசம் கழிச்சு, புதுச்சேரியில ஒரு நாடகக் குழு, ரெனேவும் இனியனும் பாட்ட பத்தி ஆரம்பிச்ச சண்டையில ஒரு வார்த்தை வந்து விழுது, சாதி நேரா நடுவுல வந்து குந்திக்குது. அட்டகத்தியில அவரு சிரிச்சிட்டு தாண்டுன எடத்துல திரும்பி வந்து நின்னிருக்காரு. பேச்சு ஜாஸ்தி, ஒத்துக்குறேன், மாடியில பாதி பேரு தூங்கிட்டாங்க. ஆனா தூங்காத காலேஜ் பசங்க ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசிட்டு இருந்தாங்க, அவங்க கிட்ட அந்த பேச்சு வேற எந்த படத்துக்கும் வரல.

ஒரே ஆளுங்கள வெச்சி எடுக்குறது சோம்பேறித்தனம் தான?

இல்ல. மெட்ராஸ்ல உயிர் ஃப்ரெண்டு அன்புவா இருந்த கலையரசன் சார்பட்டாவுல பொறாமை புடிச்ச வெற்றிச்செல்வன், நட்சத்திரத்துல சாதி ஊறுன அர்ஜுன். மேல சொன்ன ஹாரா கதை தான் இதுவும்.

தங்கலான் ஏன் எனக்கு ஒண்ணுமே புரியல? நான் மட்டுமா?

நீங்க மட்டும் இல்ல. நிலம் யாருதுன்ற அந்த கேள்விய 1850கள் வரைக்கும், கோலார் தங்கம் வரைக்கும் கொண்டு போயிட்டாரு. யோசனையா பாத்தா சரியான அடுத்த படி: தோண்டி எடுக்குறவன் ஒருத்தன், எடுத்துட்டு போறவன் இன்னொருத்தன். ஆனா சுவரு கண்ணுல தெரிஞ்சுது, ரிங்கு தெரிஞ்சுது, தாராவி தெருவு தெரிஞ்சுது. இங்க ஆரத்தின்ற மாயக்காரி, கனவு, ரத்தம், தங்கம்னு எல்லாமே குறியீடா ஆயி, புடிச்சுக்க ஒரு வீட்டு வாசப்படி கூட இல்லாம போச்சு. விக்ரம் உசுர குடுத்து நடிச்சிருக்காரு. ஆனா ஒருத்தரு சொந்த விஷயத்துக்கே திரும்ப திரும்ப வர்றப்போ, எல்லாரும் தன் கூடவே மனசுக்குள்ள இருக்காங்கன்னு நெனச்சிட்டு பாதிய சொல்லாம விட்டுடுவாரு போல. திரும்ப வர்றதுல இருக்குற ஆபத்து அது தான்.

எந்த ஆர்டர்ல பாக்கறது?

மெட்ராஸ், சார்பட்டா, காலா. அப்புறம் அட்டகத்தியும் நட்சத்திரமும் ஒரே வாரத்துல. கபாலி எப்ப வேணா. தங்கலான் கடைசி, டீ குடிச்சிட்டு.

சார்பட்டா ரெண்டாவது பாகம் வரும்னு சொல்றாங்க, அதுலயும் அதே தான இருக்கும்?

2023ல அறிவிச்சாங்க, ஆர்யா தான் மறுபடி. அதே ரிங்கு, அதே பரம்பரை, அதே கபிலன், இத வெச்சி புதுசா என்ன பண்ண முடியும்னு எனக்கும் பயம் இருக்கு, முதல் பாகத்துல ஜெயிச்சவன மறுபடி தோக்கடிச்சு மறுபடி ஜெயிக்க வெச்சா அது வெறும் ரிப்பீட்டு. ஆனா ஜெயிச்ச அப்புறம் கபிலன் என்ன ஆனான், அந்த கூட்டத்துல யாரு மேல ஏறுனாங்க யாரு துறைமுகத்துலயே நின்னாங்க, அத கேட்டாருன்னா பெட்ஷீட்ட தொவைச்சு தயாரா வெச்சிருக்கேன். ரெண்டாவது மாடி அக்கா மட்டும் இப்பவே சொல்லிடுச்சு, மாரியம்மாவுக்கு எத்தினி சீனுன்னு எண்ணிட்டு தான் மிச்சத்த பேசுமாம்.